ஸ்பீக்கர் பெட்டியும் மூன்று எண்களும்

வீட்டிலேயே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்ய என்னென்ன வேண்டும்? நாலைந்து பலகை, ஒரு ரம்பம், கொஞ்சம் மரப்பசை, ஒரு சால்டரிங் அயர்ன், அப்புறம் ஸ்பீக்கர். மரவேலை கொஞ்சம் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். கஷ்டம் அதில் இல்லை. ஸ்பீக்கரோடு வரும் காகிதத்தைப் பிரித்ததும் தொடங்குகிறது கஷ்டம். எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ்., எக்ஸ்மேக்ஸ்... ஏதோ ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும். பாதிப்பேர் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கண்ணுக்கு அழகான அளவில் பெட்டியை அறுத்துவிடுகிறார்கள். பாட்டு வரும். ஆனால் எதிர்பார்த்த பாட்டு வராது. "ஸ்பீக்கர் சரியில்லை" என்று முடிவுகட்டிவிட்டு இன்னும் விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புவார்கள்.

உண்மையில் அந்தக் காகிதத்தில் இருப்பது பெட்டியின் ஜாதகம். படிக்கத் தெரிந்தால், பலகையில் ரம்பம் படுவதற்கு முன்பே அது எப்படிப் பாடும் என்று சொல்லிவிடலாம். ஜோசியம் இல்லை, வெறும் பெருக்கல் வகுத்தல்தான்.

முதலில் வாட்ஸ்

சென்னை ரிச்சி தெருவோ, வேறு ஊரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சின்னக் கடையோ, முதல் கேள்வி இதுதான்:

"எத்தனை வாட்ஸ் வேணும் தம்பி?"

"எட்டு இஞ்ச் போதும்ணே. ஆனா பேஸ் நல்லா வரணும்."

"அப்ப நூறு வாட்ஸா எடுத்துக்கோ."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள் கருகாமல் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஒரு பாலம் எத்தனை டன் தாங்கும் என்று எழுதி வைப்பதைப் போல. அந்தப் பாலத்தின் மேல் வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பது வேறு கணக்கு.

2000களில் கம்ப்யூட்டரோடு விற்ற குட்டி பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களின் அட்டைப் பெட்டியில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கண்சிமிட்டும் நேரத்தில் எட்டக்கூடிய உச்சம் என்ற பெயரில் போடப்பட்ட எண். அதை அளப்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. அதனால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் ஓரளவு நம்பக்கூடியது.

அப்படியானால் சத்தத்தைச் சொல்வது எது? சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. வீட்டு ஸ்பீக்கர்களுக்கு 85 முதல் 90 வரை இருப்பது சாதாரணம். டெசிபல் கணக்கில் இரண்டு விஷயம் நினைவில் இருந்தால் போதும். மின்சாரத்தை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். காதுக்கு அந்தப் பத்து டெசிபல்தான் "சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது" என்று தோன்றும். ஆக, 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு 100 வாட்ஸ் வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அதே ஆம்ப்ளிஃபயரில், 86 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 89 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினாலும் அதே பலன்!

திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி குறைந்த வாட்ஸிலேயே ஊரை எழுப்புகிறதே, எப்படி? அதன் சென்சிடிவிட்டி 100 டெசிபலுக்கும் மேல். ஆனால் அதில் பேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். இந்த வியாபாரம் கடைசி வரை தொடர்ந்து வரும்.

பெட்டி எதற்கு?

பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கருக்கு இந்தத் துறையில் டிரைவர் என்று பெயர். (பஸ் ஓட்டுபவர் இல்லை!) டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டால் கீச்சுக்கீச்சென்று கேட்கும், பேஸ் இருக்காது. காரணம் எளிது. கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்குகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு எட்டு இஞ்ச் கூம்பு ஒரு தடையே இல்லை. பின்னால் இருப்பது சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. பெட்டியின் முதல் வேலை பின்பக்க ஒலியைச் சிறைவைப்பது.

தமிழ்நாட்டில் டீக்கடை, தையல்கடைகளில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருப்பார்கள். எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்த மூடிய பெட்டி அது. வளைந்த சுவர் என்பதால் தட்டைப் பலகை மாதிரி எளிதில் அதிராது. ஆனால் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பானை? அதைச் சொல்ல வழி இல்லை. மாட்டிப் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளின் நிலைமையும் ரொம்ப நாள் வரை இதைவிடப் பெரிதாக மேல் இல்லை என்பதுதான் வேடிக்கை.

அந்த மூன்று எண்கள்

முதலாவது எஃப்.எஸ். டிரைவரின் கூம்புக்கு ஓர் எடை உண்டு. அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் விளிம்பும், உள்ளே இருக்கும் மடிப்புத் துணியும் ஒரு ஸ்பிரிங். எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் ஒரு சொந்த அதிர்வு இருக்குமே, பதினோராம் வகுப்பு இயற்பியல்! அந்த ஒத்ததிர்வு அதிர்வெண்தான் எஃப்.எஸ். கூம்பு கனமாக இருந்தாலோ ஸ்பிரிங் இளகி இருந்தாலோ இது குறையும். மூடிய பெட்டியில் இதற்குக் கீழே பேஸ் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது க்யூ.டி.எஸ். ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டே இருக்கும்? ரொம்ப நேரம் ஆடினால் க்யூ அதிகம், சீக்கிரம் நின்றால் குறைவு. ஸ்பீக்கர் கூம்பை நிறுத்த இரண்டு பிரேக் உண்டு. ஒன்று உராய்வு, அதன் எண் க்யூ.எம்.எஸ். இன்னொன்று மின்சார பிரேக். சுருள் காந்தத்துக்குள் ஆடும்போது தானே மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரமே ஆட்டத்தை எதிர்க்கும். அதன் எண் க்யூ.இ.எஸ். நம்பிக்கை இல்லாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். எட்டு இஞ்ச் வூஃபரின் கூம்பை விரலால் லேசாகத் தட்டினால் "டம்ம்" என்று கேட்கும். பின்னால் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டுத் தட்டினால் "டப்" என்று செத்த சத்தம். லென்ஸ் விதி காதிலேயே கேட்கும்!

இந்த இரண்டு பிரேக்குகளும் பக்க இணைப்பில் உள்ள இரண்டு ரெசிஸ்டர் மாதிரி சேர்ந்து க்யூ.டி.எஸ். ஆகின்றன. க்யூ.எம்.எஸ். 3.6, க்யூ.இ.எஸ். 0.45 என்றால் க்யூ.டி.எஸ். 0.4. பரீட்சைக்கு ஆர்.எல்.சி. சர்க்யூட்டில் க்யூ கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்கூட, அதே க்யூ இங்கே உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது வி.ஏ.எஸ். இதுதான் எல்லோரையும் குழப்பும். இது லிட்டரில் இருக்கும். உடனே "50 லிட்டர் என்றால் 50 லிட்டர் பெட்டி செய்ய வேண்டும்" என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். மூடிய பெட்டியில் உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். பெட்டி சின்னதாக இருந்தால் ஸ்பிரிங் விறைப்பு, பெரிதாக இருந்தால் இளக்கம். டிரைவரின் சொந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்பைத் தரும் காற்றின் அளவுதான் வி.ஏ.எஸ். ரப்பரையும் துணியையும் காற்றோடு ஒப்பிட வசதியாக, அதையும் காற்றாகவே மாற்றி லிட்டரில் எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான்.

யார் கண்டுபிடித்தது?

சுருளும் காந்தமும் கூம்பும் கொண்ட இன்றைய ஸ்பீக்கரின் வடிவத்தை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925இல் வெளியிட்டார்கள். பெட்டியில் ஒரு துளையோ குழாயோ வைத்து, பின்பக்க ஒலியையும் பயன்படுத்தலாம் என்ற யோசனைக்கு பெல் ஆய்வகத்தின் துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்சர் காற்றையே முக்கிய ஸ்பிரிங்காக வைத்து, சின்ன மூடிய பெட்டியில் ஆழமான பேஸ் கொண்டுவந்தார். ஆனால் துளை வைத்த பெட்டியை எந்த அளவில் செய்வது என்பது மட்டும் பெரும்பாலும் கைப்பழக்கமாகவே இருந்தது. அளவு தப்பினால் எல்லாப் பாட்டிலும் ஒரே "கும் கும்".

அந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆஸ்திரேலியரான நெவில் தீல். இந்தப் பெட்டியை மரச்சாமானாகப் பார்க்காமல் ஒரு ஃபில்டர் சர்க்யூட்டாகப் பார்த்தார். எடைக்கு ஒரு கெப்பாசிட்டர், ஸ்பிரிங்குக்கு ஒரு இண்டக்டர், உராய்வுக்கு ஒரு ரெசிஸ்டர் என்று வைத்துக்கொண்டால், துளை வைத்த பெட்டி நான்காம் படி ஹை பாஸ் ஃபில்டர். ஃபில்டர்களைப் பற்றி எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். தெரிந்த கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து, டிரைவரின் எண்ணைக் கொடுத்தால் பெட்டியின் அளவு வருகிற மாதிரி ஓர் அட்டவணை போட்டுவிட்டார்.

1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் சங்க இதழ் ஒன்றில் அந்தக் கட்டுரை வந்தது. வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து, 1971இல் அமெரிக்காவின் ஆடியோ என்ஜினியரிங் சொசைட்டி இதழ் அதை மறுபதிப்புச் செய்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால், 1972, 1973ஆம் ஆண்டுகளில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதி அந்தக் கணக்கை இன்னும் விரிவாக்கினார். அதனால்தான் அந்தக் காகிதத்தின் தலைப்பில் "தீல்–ஸ்மால் பாராமீட்டர்ஸ்" என்று இருக்கிறது. அந்தப் பெயர்களைப் பார்த்து ஏதோ சூத்திரம் என்று பயந்தவர்களும் உண்டு. இரண்டு மனிதர்களின் பெயர்தான்! கணக்கு வெளியே வந்த பிறகு, பெரிய ஆய்வகம் வைத்திருந்தவருக்கும் மொட்டைமாடியில் பலகை அறுப்பவருக்கும் ஒரே சூத்திரம்தான்.

கணக்கு போட்டால்...

எஃப்.எஸ். 35 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 50 லிட்டர் உள்ள ஒரு எட்டு இஞ்ச் டிரைவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மூடிய பெட்டிக்குள் போனதும் காற்று ஸ்பிரிங்கும் சேர்ந்துகொள்ளும். எஃப்.எஸ்.ஸும் க்யூவும் ஒரே விகிதத்தில் ஏறும். எவ்வளவு ஏறும்? வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அந்த மடங்கு.

பெட்டியில் இறுதி க்யூ 0.7 இருந்தால் பேஸ் மேடு பள்ளம் இல்லாமல் சீராக இறங்கும். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பெட்டி 23.5 லிட்டர். உள் அளவு 40 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம், 23.5 செ.மீ. ஆழம் என்றால் சரியாக வந்துவிடும். பேஸ் 62 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

"மேஜை மேல் வைக்கணும், சின்னதா இருக்கட்டும்" என்று 5 லிட்டரில் செய்தால்? மடங்கு 3.3. இறுதி க்யூ 1.33, ஒத்ததிர்வு 116 ஹெர்ட்ஸ். 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 3 டெசிபல் உயரத்துக்கு ஒரு மேடு. மிருதங்கம், பேஸ் கிட்டார், ஆண் குரல் எல்லாவற்றிலும் ஒரே "பொம்" கேட்கும். ஸ்பீக்கரில் எந்தக் குறையும் இல்லை, பலகை அறுத்த இடத்தில்தான் குறை.

அதே டிரைவரைத் துளை வைத்த பெட்டியில் போட்டால் ஏறக்குறைய 50 லிட்டர் வேண்டும். குழாயை 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய வேண்டும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் "ஊ" என்று வருமே, அதே தத்துவம்தான். உள் விட்டம் 7.5 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாய் என்றால் நீளம் சுமார் 16 செ.மீ. குழாயில் காற்று இரையும் சத்தம் கேட்காமல் இருக்க 10 செ.மீ. குழாய் போட்டால் நீளம் சுமார் 31 செ.மீ. ஆகிவிடும். பேஸ் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் அதற்குக் கீழே கூம்பைப் பிடிக்கக் காற்று ஸ்பிரிங் இல்லை. கண்டபடி ஆடும். கூம்பு இப்படியும் அப்படியும் எத்தனை மில்லிமீட்டர் ஆடினால் ஒலி கெடாது என்பதைச் சொல்லும் எக்ஸ்மேக்ஸ் என்ற எண்ணுக்கு இங்கேதான் வேலை.

23.5 லிட்டரில் 62, 50 லிட்டரில் 35. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஹாஃப்மன் என்பவர் பெயரால் இதை இரும்பு விதி என்று சொல்வார்கள். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

எட்டு ஓம் என்பது எட்டு இல்லை

இன்னொரு சொல், இம்பீடன்ஸ். எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரை மல்ட்டிமீட்டரில் அளந்தால் 6 ஓம் பக்கம் காட்டும். உடனே "ஏமாத்திட்டான்" என்று கடைக்குப் போக வேண்டாம்! மல்ட்டிமீட்டர் அளப்பது செம்புக் கம்பியின் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஒத்ததிர்வில் மலை மாதிரி ஏறி, பிறகு இறங்கி, மேலே போகப்போக மறுபடி ஏறும். எட்டு என்பது பொதுவாகச் சொல்லும் ஒரு பெயர்.

இது தெரியாததால் கிராஸ்ஓவரில் அடி வாங்குபவர்கள் உண்டு. கிராஸ்ஓவர் என்பது போக்குவரத்துக் காவலர் மாதிரி. பேஸை வூஃபருக்கும் கீச்சொலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும். ட்வீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு கெப்பாசிட்டர் போட்டு 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க, எட்டு ஓமுக்கு 6.6 மைக்ரோஃபாரட் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் அந்த ட்வீட்டர் அந்த இடத்தில் எட்டு ஓமாகவே இருந்தால்தான் இது சரி. அதனால்தான் கடையில் விற்கும் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" கிராஸ்ஓவர் எதற்கும் முழுசாகப் பொருந்துவதில்லை.

காகிதமே இல்லாவிட்டால்?

பழைய டிவியிலிருந்தோ காரிலிருந்தோ கழற்றிய டிரைவருக்கு எந்தக் காகிதமும் இருக்காது. விலை குறைவாக இருப்பவற்றுக்கும் பெரும்பாலும் கிடையாது. கையில் காசு குறைவாக உள்ளவருக்குக் கிடைப்பது இவைதான். அந்தச் சொற்களின் அர்த்தம் உண்மையில் உதவுவது இங்கேதான். அர்த்தம் தெரிந்தால் அளந்துவிடலாம்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒவ்வொரு அதிர்வெண்ணாக ஒலி அனுப்பி, ஸ்பீக்கரோடு தொடரிணைப்பில் ஒரு பெரிய ரெசிஸ்டர் வைத்து, ஸ்பீக்கரின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே போனால், அது உச்சிக்குப் போகும் இடம் எஃப்.எஸ். உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு குறுகல் என்பதிலிருந்து க்யூ. பிறகு கூம்பின் நடுவில் 15 கிராம் களிமண்ணை ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். 35 ஹெர்ட்ஸ் 28 ஆகக் குறைந்தால், ஆடும் பகுதியின் எடை சுமார் 27 கிராம். எடையும் அதிர்வெண்ணும் தெரிந்தால் ஸ்பிரிங் தெரியும். ஸ்பிரிங்கும் கூம்பின் பரப்பும் தெரிந்தால் வி.ஏ.எஸ். வந்துவிடும். ஒரு ரெசிஸ்டர், ஒரு மல்ட்டிமீட்டர், கொஞ்சம் களிமண். காகிதம் தயார்!

காகிதம் இருந்தாலும் அதைச் சோதிக்கலாம். எஃப்.எஸ்.ஸைத் தன்னோடு தானே மூன்று முறை வருமாறு பெருக்கி, வி.ஏ.எஸ். லிட்டரால் பெருக்கி, க்யூ.இ.எஸ்.ஸால் வகுத்து, 100 கோடியால் வகுத்தால் ஸ்பீக்கரின் திறன் ஏறக்குறைய வரும். மேலே சொன்ன டிரைவருக்கு 35, 50, 0.45 போட்டால் அரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது 100 வாட்ஸ் மின்சாரத்தில் அரை வாட்கூட ஒலியாவதில்லை, மீதியெல்லாம் வெப்பம். அந்தத் திறனுக்குரிய சென்சிடிவிட்டி 89 டெசிபல். அதே காகிதத்தில் "95 டெசிபல்" என்று அச்சடித்திருந்தால், இரண்டில் ஏதோ ஒன்று பொய். அட்டைப்பெட்டியில் எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி, ஒரு கால்குலேட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் இந்தச் சொற்களுக்குள் இருப்பது எடை, ஸ்பிரிங், பிரேக், காற்று. நாலுமே பள்ளிக்கூடத்தில் பார்த்தவைதான். அடுத்த முறை யாராவது பலகை வாங்கக் கிளம்பினால், அந்தக் காகிதத்தை மடித்து வைக்காமல் முதலில் ஒரு பத்து நிமிடம் கணக்குப் போடட்டும். பலகைக்கும் விலை இருக்கிறது, தப்பாக அறுத்ததை மறுபடி ஒட்ட முடியாது.